தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை பி.ஏ.எஸ்.எல்.பி. சேரலாமா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருக்கும் ஒரு தகப்பனார். மகள் தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ சயன்ஸ் முடித்திருக்கிறாள். பள்ளி ஆசிரியை ஒருவர் பி.ஏ.எஸ்.எல்.பி. என்று, செவித்திறனும் பேச்சு, மொழிக் கோளாறுகளும் பற்றிய ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, இவளுக்குப் பொருந்தும் என்றிருக்கிறார். வீட்டில் மாமா, "அது காது மிஷின் விக்கிற வேலையப்பா" என்று சொல்லிவிட்டாராம். பிள்ளைக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத் திணறுவாள். இங்கிலீஷும் சுமார்தான். சேர்க்கலாமா, எங்கே சேர்க்கலாம், இந்த லீவில் மலையாளம் படிக்க வைக்கணுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: நம் வீட்டுத் தமிழ் இந்தப் படிப்பில் பிள்ளைக்குக் குறையாகிவிடுமா? நானும் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்து இந்த வேலைக்கு வந்தவள்தான். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வாரத்தில் பாதி நாள் பாலக்காட்டில், பாதி நாள் பொள்ளாச்சியில் நோயாளிகளைப் பார்க்கிறேன். கொஞ்ச காலம் மாணவர்களின் கிளினிக்கையும் மேற்பார்த்திருக்கிறேன். அந்தக் கவலையை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் வைக்கிறேன். காது கேட்பதைப் பரிசோதிப்பது, பேச்சு, மொழி, குரல், விழுங்குதல் ஆகியவற்றில் வரும் கோளாறுகளைக் கண்டறிந்து சிகிச்சை தருவது, இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிற பட்டப்படிப்பு இது. மொத்தம் நான்கு வருஷம். மூன்று வருஷம் பாடமும் கிளினிக்கும், நான்காவது வருஷம் முழுக்க இன்டர்ன்ஷிப். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த கல்லூரியில் படித்துவிட்டு, அவர்களுடைய பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் தொழில் செய்ய முடியும். 1992-ஆம் வருஷச் சட்டம் அது. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதனால் விளம்பரத்தைப் பார்த்து எங்கேயும் பணம் கட்டிவிடாதீர்கள். அங்கீகாரம் குறிப்பிட்ட வருஷங்களுக்குத்தான் தருவார்கள், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பிள்ளை சேரும் வருஷத்துக்கு அது இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே பாருங்கள். இன்னொன்று, இதே துறையில் ஒரு வருஷ டிப்ளமோவும் உண்டு. அதுவும் நல்ல படிப்புதான், ஆனால் அது உதவியாளர் நிலைக்கானது. சில இடங்களில் இரண்டையும் ஒன்றுபோலப் பேசி ஆள் சேர்ப்பார்கள். கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பாடம் இங்கிலீஷில்தான். முதல் வருஷம் உடற்கூறு, ஒலியின் இயற்பியல், மொழியியல், உளவியல், கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ், புள்ளியியல் என்று எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். தமிழ் மீடியப் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் திணறுவார்கள், மறைக்கவில்லை. நான் உள்காதின் படத்தைத் தமிழில் பெயர் எழுதி மனப்பாடம் செய்து, பிறகு இங்கிலீஷ் பெயரைப் பக்கத்தில் எழுதிப் படித்தேன். இரண்டாம் வருஷம் கிளினிக்கில் கை வைக்க ஆரம்பித்த பிறகு பாடப்புத்தகத்தின் இங்கிலீஷ் அவ்வளவு பெரிய மலையாகத் தெரியாது. பார்த்த நோயாளியின் முகம் நினைவில் இருக்கும்போது சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்.

கிளினிக் என்றால் என்ன என்று உங்களுக்கு ஒரு காட்சி சொல்கிறேன். காது மிஷினுக்கு மோல்டு, அதாவது காதின் அச்சு, எடுப்பது எல்லா மாணவர்களும் கற்கிற வேலை. முதலில் தங்களுக்குள் ஒருவர் காதில் ஒருவர் எடுத்துப் பழகுவார்கள். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் காதுக்குழாய் நேராகும். சின்னக் குழந்தைக்குக் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். விளக்கடித்து உள்ளே பார்த்து, குறும்பி இருக்கிறதா, சவ்வில் ஓட்டை இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு, நூல் கட்டிய ஒரு சின்னப் பஞ்சை இரண்டாவது வளைவைத் தாண்டி வைப்பார்கள். கலந்த பசை செவிப்பறைக்குப் போகாமல் தடுப்பது அந்தப் பஞ்சுதான். பிறகு சிரிஞ்சில் பசையை ஏற்றி நிரப்பி, சில நிமிடம் காத்திருந்து, மெதுவாகச் சுழற்றி எடுப்பார்கள். இதைச் செய்யும்போது கை நோயாளியின் கன்னத்தில் ஊன்றியிருக்க வேண்டும், திடீரென்று தலையைத் திருப்பினாலும் கை தலையோடு சேர்ந்து நகரும்படி. பஞ்சை வைக்காமல் பசையை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம். மிஷின் விற்பதற்கும் இதற்கும் இருக்கிற தூரத்தை மாமாவுக்கு இதை வைத்துச் சொல்லலாம்.

இனி மொழி. இதில் எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். இன்டர்ன்ஷிப்பில் இருந்தபோது வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தா வந்தார்கள். எழுபது வயதுக்கு மேல். சத்தம் அடங்கிய அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினேன். ஆடியோமெட்ரியில், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் பரிசோதனையில், ஒரு முறை உண்டு: கேட்டது என்றால் 10 டெசிபல் குறைக்க வேண்டும், கேட்கவில்லை என்றால் 5 டெசிபல் கூட்ட வேண்டும். அப்படிக் கேட்டும் கேட்காததுமான எல்லையைப் பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு 25 டெசிபல் வரை இயல்பு என்று வைத்துக்கொள்வோம். ஆத்தாவுக்கு இரண்டு காதும் சராசரியாக 45 வந்தது. வயதுக்கு வருகிற மிதமான குறைதான். அடுத்து வார்த்தைப் பரிசோதனை. நன்றாகக் கேட்கும் சத்தத்தில் 25 வார்த்தைகளைச் சொல்ல வேண்டும், அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். என் கையில் இருந்தது மலையாளப் பட்டியல். சந்தையில் கடலைக்காய் விற்றவர்கள், மலையாளம் நன்றாகத் தெரியும் என்று மகன் சொன்னதால் அதையே எடுத்தேன். "புழ" என்றேன். "ஆறா?" என்றார்கள். தவறு என்று குறித்தேன். "வெள்ளம்" என்றேன். "தண்ணிங்களா?" தவறு. "மழ" என்றேன். "மள" என்றார்கள். அதுவும் தவறு. 25-க்கு 14, அதாவது 56 சதவீதம்.

காது இவ்வளவு கேட்கும்போது வார்த்தை இவ்வளவு குறைவாக வந்தால், கோளாறு காதுக்கு அப்பால் நரம்பில் இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும் என்பது பாடம். பாடத்தில் படித்தபடி நரம்புப் பரிசோதனைக்கு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் என் தாளை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். அவர் மலையாளி. "ஆத்தா 'ஆறா' என்று கேட்டது காது கேட்காததாலா, கேட்டதாலா?" என்று மட்டும் கேட்டார். திரும்பப் போய்த் தமிழ்ப் பட்டியலை எடுத்து, வட்டார உச்சரிப்பைத் தவறாகக் குறிக்காமல் பரிசோதித்தேன். 23 சரி, 92 சதவீதம். நரம்பில் ஒன்றும் இல்லை. நான் எழுதியபடியே அனுப்பியிருந்தால் அந்தக் குடும்பம் கோயம்புத்தூருக்கு அலைந்து ஸ்கேன் எடுத்து, பயந்து, செலவு செய்திருக்கும். என்னைவிட அந்த ஆத்தாவின் தமிழ் தெரிந்தவர் அந்த மருத்துவமனையில் அன்று யாருமில்லை, ஆனாலும் தவறு செய்தது நான்தான். இது எனக்கு இன்றுவரை வலிக்கிற விஷயம், அதனால்தான் எண்ணிக்கையோடு நினைவிருக்கிறது.

குழந்தைகளிடம் இது இன்னும் கூடுதல். நம் பக்கம் பல வீடுகளில் பாட்டியிலிருந்து பேரன் வரை "வாளப்பளம்" என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பையன் ஐந்து வயதில் அப்படிச் சொன்னால் அது பேச்சுக் கோளாறு கிடையாது, அந்த ஊர் வழக்கு. அவனுக்கு ழகரம் வரவழைக்கிறேன் என்று ஆறு மாதம் தெரபி கொடுப்பது தகப்பனின் காசை வீணாக்குவது. ஆனால் அதே பையன் "காக்கா" என்பதைத் "தாத்தா" என்கிறான், "கை"யைத் "தை" என்கிறான் என்றால் அது வேறு. அதை இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் பெரியவர்கள் சொல்வதில்லை. வழக்கா கோளாறா என்று பிரித்துப் பார்க்கப் புத்தகம் பாதிதான் உதவும். மீதிப் பாதி, அந்த வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்திருப்பது.

இரண்டு மொழிக் குழந்தையின் சொற்களை எண்ணும்போதும் இப்படித்தான். இரண்டு வயதில் ஐம்பது சொல்லாவது இருக்க வேண்டும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நம் பிள்ளை அம்மாவிடம் தமிழில் முப்பது சொல், பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் மலையாளத்தில் இருபத்தைந்து சொல் பேசும். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் தாமதம் என்று எழுதிவிடுவோம். இரண்டையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். "ரெண்டு பாஷை பேசறதாலதான் பேச்சு வரலை, ஒன்றை விடுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமோ திக்குவாயோ வருவதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வீட்டு மொழியை விடச் சொன்னால் குழந்தை பாட்டியோடு பேசுவது நின்றுபோகும், நட்டம் அங்கேதான்.

காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி, பொருத்திய ஒரு குழந்தையைச் சில வருஷம் முன்பு பார்த்தேன். கேரளத்தில் சுருதிதரங்கம் திட்டத்தில் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள். எல்லையோரக் குடும்பங்கள் எந்தப் பக்கம் என்று குழம்புவார்கள்; எந்த மாநிலத்து ரேஷன் கார்டோ அந்த மாநிலம். அறுவை சிகிச்சை சில மணி நேரம், தெரபி வருஷக்கணக்கு. வாரம் ஒரு மணி நேரம் தெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பதை அம்மா வீட்டில் குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது நாள் முழுக்கச் சொன்னால்தான் அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரும். இந்தக் குழந்தைக்கு ஒரு வருஷம் முழுக்க மலையாளத்தில் தெரபி நடந்திருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். கிளினிக்கில் சொல்லிக் கொடுத்த சொல்லை வீட்டில் அந்த அம்மா சொல்லவே இல்லை, கூச்சப்பட்டு. நான் தமிழுக்கு மாற்றிய முதல் வாரம், "அப்ப நான் சாதாரணமாப் பேசற மாதிரியே பேசலாங்களா?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷம் போனது போனதுதான், காது கேட்க ஆரம்பித்த முதல் வருஷம் அது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு: உங்கள் பிள்ளையின் தமிழ் குறையே கிடையாது. ஆனால் தமிழ் பேசத் தெரிந்தால் மட்டும் போதும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குப் பழகிப்போன பேச்சைக் காதால் பிரித்து, ஒலிக்குறியில் எழுதக் கற்க வேண்டும். "பந்து" என்பதில் வரும் தகரமும் "தந்தை" என்பதில் முதலில் வரும் தகரமும் ஒன்றா என்று கேட்டால், தமிழ் படித்தவர்களே யோசிப்பார்கள். முதலில் வருவது "த", நடுவில் வருவது குரல்நாண் அதிர ஒலிக்கும் வேறு ஒலி. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. மலையாளத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. எல்லையோரப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் சீக்கிரம் பிடிபடும், அது நிஜமான அனுகூலம்.

எங்கே சேர்ப்பது என்றால், கேரளத்தில் இந்தப் படிப்பு சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பாராமெடிக்கல் பட்டப்படிப்புகளோடு சேர்த்து கேரள அரசின் எல்.பி.எஸ். மையம் மூலம் சீட் ஒதுக்குகிறார்கள். உங்கள் மாவட்டத்திலேயே ஷொர்ணூரில் ஐகான்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. மூளை, நரம்பு சம்பந்தமான பேச்சுப் பிரச்சினைகள், ஆட்டிசம் இவற்றில் அங்கே நிறையக் கற்கலாம். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997-ல் தொடங்கிய நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. காது கேளாத மாணவர்கள் சைகை மொழியில் பட்டப்படிப்பு படிக்கிற வளாகம் அது. உங்கள் பிள்ளை அங்கே படித்தால் காது கேளாதவர்களை நோயாளியாக மட்டும் பார்க்காமல், கேன்டீனில் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களாகவும் பார்ப்பாள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம், 1965-ல் தொடங்கியது, இந்தத் துறைக்கே தாய்வீடு மாதிரி. போட்டி கடுமை. தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா, மெர்ஃப், முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனம் என்று இருக்கின்றன. ஆனால் நீங்கள் கேரள நேட்டிவிட்டி உள்ளவர்கள். தமிழ் பேசினாலும் தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் வெளிமாநிலம்தான். கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். காலை பத்து மணிக்குப் போய் ஓ.பி.யில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். மாணவர் நோயாளியைப் பார்க்கும்போது கூட சூப்பர்வைசர் இருக்கிறாரா, பிறந்த குழந்தைகளுக்குக் காது பரிசோதனை நடக்கிறதா, ஈ.என்.டி. பக்கத்திலேயே இருக்கிறதா என்று மூன்றாம் வருஷ மாணவர்களிடம் கேளுங்கள். அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

மாமா சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. படித்து முடித்தவர்களில் பலர் மிஷின் கம்பெனிக் கடைகளுக்குப் போகிறார்கள், அங்கே மாதம் இத்தனை விற்க வேண்டும் என்று டார்கெட் இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையம், சிறப்புப் பள்ளி, பக்கவாதம் வந்தவர்களைப் பார்க்கும் மருத்துவமனை, சொந்த கிளினிக் என்று வேறு வழிகளும் உண்டு. தொடக்கத்தில் சம்பளம் பெரிதாக இருக்காது. எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், இடத்துக்கு இடம் மாறும், என் கைக்கணக்கை வைத்து உங்களுக்கு ஒரு தொகை சொல்வது சரியாகாது. வெளிநாடு என்றால், அமெரிக்காவில் இந்தப் பட்டம் மட்டும் போதாது. பேச்சுக்கு முதுகலை வேண்டும், செவித்திறனுக்கு அதற்கும் மேலான டாக்டர் பட்டம் வேண்டும். ஏஜெண்ட் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இந்த வேலை பிடிக்குமா என்பதை மட்டும் நானோ ஆசிரியையோ மாமாவோ சொல்ல முடியாது. ஒரே சொல்லை ஒரு குழந்தையிடம் நாற்பது தடவை, அலுக்காமல், முதல் தடவை சொல்கிற முகத்தோடு சொல்லத் தெரிய வேண்டும்.

கடைசியாக லீவு. மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும், கட்டாயம். கேரளத்தில் படித்தால் பெரும்பாலான நோயாளிகள் மலையாளிகள். நான் ஆத்தாவிடம் செய்ததை அவள் ஒரு மலையாளி அம்மச்சியிடம் தமிழ்க் காதோடு செய்யக் கூடாது. பத்திரிகைத் தலைப்பில் ஆரம்பித்தால் மூன்று மாதத்தில் வாசிப்பு வந்துவிடும், எனக்கு அப்படித்தான் வந்தது. கூடவே ஒரு வேலை கொடுங்கள். உங்கள் தெருவில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இருக்கும். அதன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, குழந்தை விளையாடும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, அது சொல்வதை எல்லாம் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். "வாளப்பளம்" என்றால் அப்படியே, "வெள்ளம் வேணும்" என்றால் அப்படியே, திருத்தாமல். முதல் நாள் பாதி விட்டுப்போகும். மறுநாளும் போய் எழுத அவளாகவே கிளம்பினால் விண்ணப்பத்தை எடுத்து நிரப்புங்கள். நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட்டுக்கு வில்லேஜ் ஆபீசில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.